வங்கியின் அறுபது நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. வீடு கையை விட்டுப் போய்விடுமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த புறநகர்ப் பகுதியில் எங்களுக்கு ஒரு தனி வீடு இருக்கிறது. 2018-இல் ஒரு பொதுத்துறை வங்கியில் என் பெயரும் கணவர் பெயருமாகச் சேர்த்து 30 லட்ச ரூபாய் கடன் வாங்கிக் கட்டினோம். இருபது ஆண்டுக் கடன்; மாதத் தவணை 26,000 ரூபாய். ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருந்த கணவருக்குச் சென்ற ஆண்டு வேலை போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கில் 22,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்திருக்கிறார்; அவருக்கு வயது 41. நான் தனியார் பள்ளி ஆசிரியை. எனக்குச் சம்பளம் 18,000 ரூபாய். ஏழு தவணைகள் நின்றுபோயின. இடையில் தெரிந்தவர் ஒருவரிடம் ஐந்து வட்டிக்கு 3 லட்சம் வாங்கி, நிரப்பாத புரோநோட்டும் கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கும் கொடுத்திருக்கிறோம். அவருக்குப் பதினொரு மாதமாக மாதம் 15,000 ரூபாய் வட்டி கட்டி வருகிறோம். மூன்று வாரத்துக்கு முன், 25,90,000 ரூபாய் முழுவதையும் அறுபது நாளில் கட்ட வேண்டும் என்று வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டை மாமியார் பெயருக்கு எழுதி வைத்துவிடுங்கள் என்கிறார் கொழுந்தனார். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பாதித் தொகையில் கடனை முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறது. வீடு இன்றைக்கு 55 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். என்னிடம் ஆறு பவுன் நகை மிஞ்சியிருக்கிறது. சட்டப்படி எங்களுக்கு என்ன வழி?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த நோட்டீஸ் நகலையும் முழுவதுமாகப் படித்துப் பார்த்தேன். அறுபதாவது நாள் வங்கிக்காரர்கள் பூட்டோடு வந்து வாசலில் நிற்கப்போவதில்லை. அந்த அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆனால், இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் சட்டம் உங்களுக்குத் தரும் வாய்ப்புகளில் ஒன்று அடைபடும் என்பதையும், நம் ஊரில் பெரும்பாலோர் வீட்டை இழப்பது வழக்கில் தோற்று அல்ல, ஆரம்பக் கட்டத்தில் ஒரு கடிதம்கூட எழுதாமல் இருந்துவிட்டே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கணக்கை வேறொரு கோணத்தில் பாருங்கள். வீடு 55 லட்சம் பெறும். வங்கிக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 26 லட்சம். ஆக, அந்த வீட்டுக்குள் உங்களுடைய பணம் 29 லட்சம் இருக்கிறது. வீட்டைத் தக்கவைத்துக்கொண்டாலும் சரி, விற்க நேர்ந்தாலும் சரி, அந்த 29 லட்சம் ஏல விலையிலும் வட்டியிலும் வழக்குச் செலவிலும் கரைந்துபோகாமல் காப்பதுதான் உங்கள் நோக்கமாக இருக்க வேண்டும். நான் கீழே சொல்லும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்தே எழுதப்பட்டவை.

உங்களுக்கு வந்திருப்பது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் 13(2) பிரிவின்கீழ் அனுப்பப்படும் கேட்பு நோட்டீஸ். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படும்; அதன் பிறகு, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தி விற்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் வங்கிக்குக் கொடுத்திருக்கிறது. முழுக் கடனையும் ஒரே தொகையாகக் கேட்டிருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். சட்டத்தின் வாசகம் அப்படி என்பதால் எல்லா நோட்டீஸிலும் அப்படித்தான் கேட்பார்கள். நடைமுறையில், நிலுவை முழுவதையும் கட்டிக் கணக்கு சீரானால் பெரும்பாலான வங்கிகள் மேல்நடவடிக்கையை நிறுத்திக்கொள்கின்றன. இது வங்கி காட்டும் இணக்கம்தான். உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் உங்களுக்குள்ள உரிமை வேறொன்று. அதே 13-ஆம் பிரிவின் 3A உட்பிரிவின்படி, இந்த அறுபது நாட்களுக்குள் நீங்கள் ஆட்சேபணையோ முறையீடோ எழுத்து மூலம் அனுப்பினால், வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். பதில் தராமல் அடுத்த கட்டத்துக்குப் போனால், பின்னாளில் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் அதுவே உங்களுக்கு வலுவான ஆயுதமாகும். ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. இந்தப் பதில் உங்கள் கண்ணில் படுவதற்குள் இன்னும் சில நாட்கள் போயிருக்கும். ஆகவே படித்த அன்றே எழுதிவிடுங்கள். வழக்கறிஞர் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை; நீங்களும் உங்கள் கணவரும் கையெழுத்திட்டுத் தமிழிலேயே எழுதலாம். நோட்டீஸின் அடியில் கையெழுத்திட்டிருக்கும் ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’ பெயருக்கு ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் ஒன்றும், கிளை மேலாளரிடம் நேரில் ஒன்றுமாகக் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்: ‘தங்கள் நோட்டீஸ் இன்ன தேதியில் கிடைத்தது. கணவர் வேலையிழந்ததால் இன்ன மாதம் முதல் தவணை தவறியது. இப்போது அவர் இன்ன இடத்தில் பணியில் சேர்ந்துள்ளார். இருவர் சம்பளச் சான்றும் இணைத்துள்ளோம். நிலுவைத் தவணைகளை இன்ன தேதிக்குள் செலுத்த அணியமாக இருக்கிறோம். எஞ்சிய கடனின் காலத்தை நீட்டித்து மாதத் தவணையைக் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். நோட்டீஸில் கண்ட தொகைக்கு அசல், வட்டி, அபராதக் கட்டணம், இதரச் செலவு என்று தனித்தனியே கணக்கு விவரமும், கடன் தொடங்கிய நாள் முதலான கணக்கு அறிக்கையும் தர வேண்டுகிறோம்.’ இதற்கு மேல் குடும்பக் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கடன் இல்லை என்று மறுத்தோ, வங்கியைச் சாடியோ எழுத வேண்டாம். உங்கள் கையெழுத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் நாளைக்கு எதிர்த்தரப்பின் சான்றாக வரக்கூடும்.

கணக்கு விவரம் கேட்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. உங்கள் நோட்டீஸில் ‘அபராத வட்டி’ என்று ஒரு தொகை இருக்கிறது. தவணை தவறியதற்காக வட்டி விகிதத்தையே உயர்த்துவதையும், அந்த அபராதத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றுவதையும் ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையின் மூலம் தடுத்திருக்கிறது. நியாயமான அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம். 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து பழைய கடன்களுக்கும் இது பொருந்தும். உங்கள் கணக்கில் அந்தத் தொகை எந்தத் தேதி முதல், எந்த வகையில் போடப்பட்டது என்று கேளுங்கள். இதனால் குறையப்போவது சில ஆயிரங்கள்தான், கடன் ஒழிந்துவிடாது. ஆனால் கணக்கைக் கேட்டுப் பார்க்கிற கடன்தாரரோடு வங்கி பேசும் முறையே வேறு என்பது என் அனுபவம்.

இனி நிலுவைக்கு வருவோம். ஏழு தவணை என்றால் 1,82,000 ரூபாய். அடுத்த தவணைத் தேதி தாண்டினால் எட்டாகும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: கையில் கிடைத்த நாற்பதாயிரத்தையோ ஐம்பதாயிரத்தையோ கட்டிவிட்டு, ‘கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்’ என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வாராக்கடன் ஆகிவிட்ட கணக்கு மறுபடி நல்ல கணக்காக வேண்டுமானால் அசல், வட்டி நிலுவை முழுவதும் தீர்ந்தாக வேண்டும் என்று 2021 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பகுதித் தொகையை வங்கி வரவு வைத்துக்கொள்ளும், நடவடிக்கையை நிறுத்தாது. கட்டுவதானால் நிலுவை முழுவதையும் ஒரே வீச்சில் கட்டுவதுதான் பயன் தரும்.

உங்களிடம் உள்ள ஆறு பவுனை இதற்குப் பயன்படுத்தச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கத்தான் செய்கிறது. வங்கியில் நகைக்கடனாக வைத்தாலே, இன்றைய தங்க விலையில், இந்த நிலுவையைத் தீர்க்கும் அளவுக்குத் தொகை கிடைக்கும். ஆனால் அதற்கு முன் அடுத்த மாதத்திலிருந்து தவணையைத் தவறாமல் கட்ட முடியுமா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். கட்ட முடியாது என்றால், நகையும் போய் ஆறு மாதம் கழித்து இதே நோட்டீஸ் திரும்ப வரும்.

இருவர் சம்பளமும் சேர்த்து 40,000. இப்போதுள்ள 26,000 தவணையை அதில் தாங்குவது கடினம். தற்போதைய கடனில் இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், அதை மறுபடி இருபது ஆண்டாக நீட்டும்போது, எட்டு சதவீத வட்டியில் 26 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 21,750 ஆகக் குறையும். உங்கள் கணவருக்கு 41 வயது என்பதால் இந்தக் கோரிக்கைக்கு இடமிருக்கிறது. மொத்தத்தில் நீங்கள் கட்டும் வட்டி கூடும் என்பது உண்மைதான். இன்றைய நிலையில் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய விலை. இன்னொன்றும் கேளுங்கள்: 2018-இல் வாங்கிய கடன் என்பதால் உங்களுடையது பெரும்பாலும், வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியை நிர்ணயிக்கும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையில் இருக்கும். 2019 அக்டோபருக்குப் பிறகான வீட்டுக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) போன்ற வெளி விகிதத்தோடு இணைக்கப்பட்டவை. 2025-இல் ரெப்போ பல முறை குறைக்கப்பட்டதன் பலன் அவற்றுக்கு விரைவில் போய்ச் சேர்ந்தது. கணக்கு சீரானதும் அந்த முறைக்கு மாற்றிக்கொள்ள ஒரு சிறு கட்டணம்தான் ஆகும். கணவர் பழைய நிறுவனத்தில் சேர்த்த வருங்கால வைப்புநிதியிலிருந்தும் வீட்டுக் கடனை அடைக்க முன்பணம் பெற விதிகளில் இடமுண்டு, அதையும் விசாரித்துவிடுங்கள்.

ஆனால் இவை எல்லாம் கைகூடுவது அந்த ஐந்து வட்டியைப் பொறுத்தே இருக்கிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு அறுபது சதவீதம். 3 லட்சத்துக்கு மாதம் 15,000 வீதம் பதினொரு மாதத்தில் 1,65,000 கட்டிவிட்டீர்கள். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. 26 லட்ச ரூபாய் வீட்டுக் கடனுக்கான மாத வட்டியே இருபதாயிரத்துக்குள்தான் வரும் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். நின்றுபோன ஏழு தவணைக்கும் இந்த 1,65,000 ரூபாய்க்கும் பெரிய வித்தியாசமில்லை. வட்டிக்காரர் வாசலுக்கு வந்து குரல் கொடுப்பார், வங்கி கடிதம்தான் போடும் என்பதால், குரலுக்குப் பயந்து வீட்டைப் பணயம் வைத்துவிட்டீர்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. என்னிடம் வரும் புறநகர்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே வரிசையில்தான் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

கந்துவட்டித் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், அரசு நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் வட்டி வாங்குவதையே குற்றமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கடன் வாங்கியவர் தாம் தர வேண்டிய அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் செலுத்தி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கோரும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. மிரட்டல் இருந்தால் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் புகார் கொடுக்கலாம். இருப்பினும், உங்கள் செக் இரண்டு அவர் கையில் இருப்பதால் எடுத்தவுடன் புகாருக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையாக இருந்தாலும், மனமறிந்து கொடுத்திருந்தால், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அவர் அந்த செக்கை வங்கியில் போட்டு, அது திரும்பி, உங்களுக்கு நோட்டீஸ் வந்தால், பதினைந்து நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்கு வரும்.

ஆகவே முதலில் சான்று சேர்க்க வேண்டும். இதுவரை வட்டியைக் கூகுள் பேயில் அனுப்பியிருந்தால் அந்த வரவு செலவை வங்கி அறிக்கையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்திருந்தால் வாட்ஸ்அப்பில் அவர் கேட்ட செய்திகளை அழிக்காமல் வையுங்கள். இனி ஒரு ரூபாய் கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள், அதில் ‘அசல்’ என்று குறிப்பிடுங்கள். பிறகு ஊரில் மதிப்புள்ள ஒருவரை வைத்துக்கொண்டு, கட்டிய வட்டியைக் கழித்து அசலில் மீதியைத் தவணையாகத் தருகிறோம் என்று பேசுங்கள். சட்டம் தெரிந்துதான் பேசுகிறீர்கள் என்று புரிந்துகொண்டால் பெரும்பாலோர் இறங்கி வருவார்கள். வராவிட்டால் அப்போது புகாரும் நீதிமன்றமும். எக்காரணம் கொண்டும் அவருக்கு வீட்டின் மேல் பவரோ, கிரய ஒப்பந்தமோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதன் பிறகு வீட்டை நல்ல விலைக்கு விற்கும் வழியும் அடைபடும்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மற்ற மூன்று யோசனைகளையும் பார்த்துவிடலாம்.

மாமியார் பெயருக்கு எழுதி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணம் பதிவாகி வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறது. வீடு யார் பெயருக்குப் போனாலும் அடமானமும் கூடவே போகும். அதற்கும் மேலாக, 13(2) நோட்டீஸ் கிடைத்த பிறகு வங்கியின் முன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சொத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்று அதே பிரிவின் 13-ஆம் உட்பிரிவு தடுக்கிறது, மீறுவது தண்டனைக்குரியது. கொழுந்தனாரின் நல்லெண்ணத்தில் குறை சொல்லவில்லை; அவர் சொல்வதைச் செய்தால் சிக்கப்போவது பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நீங்கள் இருவரும்தான்.

மஞ்சள் கடுதாசி என்கிற திவால் மனுவைப் பற்றி ஊரில் இருக்கும் நம்பிக்கை பெரிது. செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கும் உங்களுக்குப் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். 2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டத்தின் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்கள் அளவில் மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது; உங்களைப் போன்ற வீட்டுக் கடன்தாரருக்கு அது இன்னும் திறக்கவில்லை. 1920-ஆம் ஆண்டுச் சட்டமோ, அடமானம் பெற்றவர் தம் அடமானச் சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்கும் உரிமையைத் தொடுவதே இல்லை. கைமாற்று, கிரெடிட் கார்டு போன்ற பிணையில்லாக் கடன்களின் நெருக்கடிக்கு அது ஓரளவு அடைக்கலம் தரலாம். வீட்டை அடமானம் பிடித்த வங்கியிடமிருந்து வீட்டைக் காக்காது. நிலுவையை நீதிமன்ற மேற்பார்வையில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கட்டி வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்கத் திவால் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி ஒன்று உண்டா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு, இங்கே இல்லை.

பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம் என்பவர்களுக்கு அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஒரே தவணைத் தீர்வு, அதாவது ஓ.டி.எஸ்., என்பது வங்கி தன் கொள்கைப்படி தருவது; கடன்தாரர் அதை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொல்லிவிட்டது. வங்கியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்: 26 லட்சக் கடனுக்கு 55 லட்சம் பெறும் வீடு பிணையாக இருக்கும்போது, பதின்மூன்று லட்சத்துக்கு அது ஏன் முடித்துக்கொள்ள வேண்டும்? சொத்தின் மதிப்பு கடனைவிடக் குறைந்துபோன இடங்களில்தான் பெரிய தள்ளுபடிக்கு வாய்ப்பு. உங்கள் விஷயத்தில் அபராதக் கட்டணத்திலும் வட்டியில் ஒரு பகுதியிலும் சலுகை கிடைக்கலாம். அதை நீங்களே கிளையில் கேட்கலாம். அப்படித் தள்ளுபடியில் முடிந்த கடன் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, பல ஆண்டுகள் வேறு கடன் கிடைப்பதைத் தடுக்கும். லோக் அதாலத்துக்கு அழைப்பு வந்தால் மட்டும் தயங்காமல் போங்கள், கட்டணம் இல்லை. ஆனால் அங்கே கையெழுத்திடும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது என்பதால், கட்ட முடியாத தொகைக்கோ தேதிக்கோ ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தவணைக் குறைப்பு கிடைத்தும் வட்டிக்காரர் இறங்கி வரவில்லை என்றாலோ, வங்கி எதற்கும் இணங்கவில்லை என்றாலோ, வீட்டை நீங்களே விற்றுவிடுவதுதான் சரி என்பது என் திடமான கருத்து. சொந்த வீட்டை விற்பது தோல்வி என்று நினைத்து, ஏலம் வரை இழுத்துக்கொண்டு போகிறவர்களே கடைசியில் அதிகம் இழக்கிறார்கள். வங்கிக்கு எழுதி, விற்பதற்குச் சம்மதமும் முடிக்க வேண்டிய தொகையைக் குறிப்பிடும் கடிதமும் வாங்குங்கள். வாங்குபவர் தம் வங்கிக் கடனில் வாங்கினால், அந்த வங்கியே உங்கள் கடன் கணக்குக்கு நேராகப் பணத்தைச் செலுத்திப் பத்திரங்களைப் பெற்றுக்கொள்ளும்; மீதி உங்களுக்கு வரும். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. முழுத் தொகையும் கட்டிய முப்பது நாட்களுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. எம்.ஓ.டி.யை நீக்கும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். மூலதன ஆதாய வரி பற்றி மட்டும் விற்பதற்கு முன் ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒன்றும் கைகூடாமல் அறுபது நாள் கடந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள். வங்கி வீட்டுக் கதவில் சுவாதீன அறிவிப்பு (வீட்டைத் தன்வசம் எடுத்ததாகச் சொல்லும் அறிவிப்பு) ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்யும். அவற்றில் ஒன்று தமிழ் நாளிதழாக இருக்கும். இது பெயரளவிலான சுவாதீனம். நீங்கள் வீட்டில் குடியிருக்கலாம். அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்களே என்று அதைக் கிழித்தெறிவதோ, அவமானத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவதோ கூடாது. அந்த அறிவிப்பின் நாளிலிருந்து 45 நாட்களுக்குள், 17-ஆம் பிரிவின்படி சென்னையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் நீங்கள் மனுச் செய்யலாம். உங்கள் அளவு கடனுக்கு மனுக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய்க்குள்தான் வரும். உரிமையியல் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை. உயர் நீதிமன்றமும் பொதுவாகத் தீர்ப்பாயத்துக்கே போகச் சொல்லும். தீர்ப்பாயம் கடனை ரத்து செய்யாது. நோட்டீஸ் முறையாக உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதா, ஆட்சேபணைக்குப் பதில் தரப்பட்டதா, மதிப்பீடு சரியா என்று நடைமுறையைத்தான் பார்க்கும். தடையாணை கொடுத்தாலும் பெரும்பாலும் ஒரு தொகையைக் கட்டச் சொல்லியே கொடுக்கும். ஆகவே அது அவகாசம் வாங்கும் இடம் என்ற தெளிவோடு போக வேண்டும்.

உங்களை நேரடியாக வெளியேற்ற வேண்டுமானால், நீங்கள் எதிர்க்கும்பட்சத்தில், வங்கி 14-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ ஆணை பெற்றுத்தான் வர முடியும். வசூல் முகவர்கள் வந்து சாமானை வெளியே வைப்போம் என்று மிரட்டினால் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அவர்கள் தொலைபேசியில்கூட அழைக்கக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள், முப்பது நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான எல்லைக்கோடு ஏல அறிவிப்பு. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முழுத் தொகையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு முடிந்துவிடுகிறது. செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் இதை உறுதிப்படுத்தியது. முன்பெல்லாம் விற்பனை பதிவாகும் வரை பணம் கட்டி மீட்டவர்களின் கதையைச் சொல்லி உங்களை யாராவது தைரியப்படுத்தினால், அது பழைய சட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் நடந்தே விட்டால், கடனும் செலவும் போக மீதியை வங்கி உங்களிடம் திருப்பித் தர வேண்டும். அதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஏலத்தில் அடிமட்ட விலைக்கு வாங்கவே ஆட்கள் வருவார்கள் என்பதால், நான் தொடக்கத்தில் சொன்ன 29 லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பது அவர்கள் கையில் இருக்கும்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, பெண்கள் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். நீங்கள் இணைக் கடன்தாரர் என்பதால், உங்கள் பெயரிலேயே செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வழக்கறிஞர் ஒருவரை நியமிப்பார்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்டுக்கொள்ளலாம். போகும்போது நோட்டீஸ் வந்த உறையையும் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள அஞ்சல் முத்திரைத் தேதியிலிருந்துதான் நோட்டீஸ் உங்களுக்கு எப்போது கிடைத்தது என்பதைக் காட்ட முடியும். கடன் ஒப்பந்த நகல், கடைசி ஓராண்டு வங்கி அறிக்கை, எம்.ஓ.டி. நகல், அண்மை வில்லங்கச் சான்று, இருவர் சம்பளச் சான்று, கணவரின் பழைய நிறுவனம் கொடுத்த பணிவிடுப்புக் கடிதம், நீங்கள் வங்கிக்கு அனுப்பிய முறையீட்டின் முத்திரையிட்ட நகல் ஆகியவையும் கையில் இருக்கட்டும். கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முதல் கடன்தாரர் அவர் என்பதால், மனுக்களில் அவர் கையெழுத்தும் தேவைப்படும்.

அன்புடன்,
வழக்கறிஞர்